பழைய நேரமும் புதிய நேரமும்: வாசகர் கேள்வி பதில்

கைத்தொலைபேசி, கணினி, இணையச் சட்டங்கள் பற்றி வன்னி வாசகர்கள் எழுதிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது. முதலாவது கேள்விக்கான பதில் நீண்டுவிட்டது. அதே சிக்கல் வேறு பல வீடுகளிலும் இருக்கக்கூடும் என்பதால் அதைக் குறைக்கவில்லை.

கேள்வி: எனது மகள் 1999 ஆம் ஆண்டு புதுக்குடியிருப்பில் பிறந்தவள். அந்நாளில் ஊர்ச் சாத்திரியார் கையால் எழுதித் தந்த சாதகத்தில் கன்னி லக்கினம் என்று இருக்கிறது. இப்போது கலியாணப் பேச்சு நடக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் அதே பிறந்த நேரத்தைக் கைத்தொலைபேசியிலுள்ள சோதிடச் செயலியில் இட்டுப் பார்த்துவிட்டுச் சிம்ம லக்கினம் என்கிறார்கள். நட்சத்திரம் மாறவில்லை. சாத்திரியார் பிழை விட்டாரா, செயலி பிழை விட்டதா?
— தாய் ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: அம்மா, சாத்திரியாரின் கணக்கும் சரியாக இருக்கலாம், செயலியின் கணக்கும் சரியாக இருக்கலாம். இருவரும் கணக்கிட எடுத்துக்கொண்ட மணிக்கூடுதான் வேறு. மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிப்பதற்காக 1996 ஆம் ஆண்டு மே 25 ஆம் திகதி இலங்கை அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தியது. அதே ஆண்டு ஒக்டோபர் 26 ஆம் திகதி அதில் அரை மணித்தியாலத்தைத் திரும்பக் குறைத்தது. மிகுதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 ஆம் திகதி வரை அப்படியே இருந்தது. ஆனால் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் இந்த மாற்றம் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. அங்கே கிரீன்விச் நேரத்துடன் ஐந்தரை மணித்தியாலம் கூட்டிய பழைய நேரமே தொடர்ந்தது. வவுனியா நகரில் பத்தரை மணியாக இருக்கும்போது புதுக்குடியிருப்பில் பத்து மணியாக இருந்த காலம் அது. பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டுக்கொண்டே நாங்கள் பயணம் செய்ததை உங்கள் வயதில் உள்ளவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

செயலிக்கு இந்தக் கதை தெரியாது. உலகிலுள்ள கணினிகளும் கைத்தொலைபேசிகளும் பெரும்பாலும் ஒரே நேர வலயத் தரவுத்தளத்தையே நம்பியிருக்கின்றன. அதில் இலங்கை முழுவதற்கும் கொழும்பின் பெயரில் ஒரே ஒரு பதிவுதான் உண்டு. 1999 இல் இலங்கையில் பிறந்தவர் என்று சொன்னவுடன், நீங்கள் கொடுத்த நேரம் புதிய நேரம் என்று செயலி தானாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால் உங்கள் மகள் உண்மையில் பிறந்த கணத்துக்கு அரை மணித்தியாலம் முந்திய வானத்தை வைத்து அது கணிக்கிறது. லக்கினம் சராசரியாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு இராசி வீதம் நகர்வதால், ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இந்த அரை மணித்தியாலம் லக்கினத்தையே முந்திய இராசிக்குத் தள்ளிவிடும். கன்னிக்கு முந்தியது சிம்மம் என்பதைக் கவனியுங்கள். இராசியை ஒன்பதாகப் பிரித்துக் கணிக்கும் நவாம்ச லக்கினமோ ஏறத்தாழப் பதின்மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாறுவது. ஆகவே அது எல்லோருக்கும் மாறும். சந்திரன் அரை மணித்தியாலத்தில் கால் பாகைக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் நகரும் என்பதால் நட்சத்திரம் பெரும்பாலும் மாறாது. ஆயினும் பிறக்கும்போதிருந்த திசை இருப்பில் வித்தியாசம் வரும்; சுக்கிர திசையில் பிறந்தவருக்கு அது ஏறத்தாழ ஐந்து மாதம் வரும்.

வாக்கியம், திருக்கணிதம் என்ற பஞ்சாங்க வேறுபாட்டாலும் குறிப்புகள் முரண்படுவதுண்டு. அதை உங்கள் சாத்திரியாரிடம்தான் கேட்கவேண்டும். ஆனால் லக்கினம் ஓர் இராசி பின்னே போயிருப்பதாலும், பிறந்த இடமும் ஆண்டும் இவையாக இருப்பதாலும் நான் முதலில் சந்தேகிப்பது நேர வலயத்தைத்தான்.

திருத்தும் முறை எளிது. செயலியில் நேர வலயத்தைக் கையால் மாற்ற இடமிருந்தால் ஐந்தரை என்று கொடுங்கள். இடமில்லையானால் பிறந்த நேரத்துடன் அரை மணித்தியாலத்தைக் கூட்டிக் கொடுங்கள். 1996 மே 25 இற்கும் ஒக்டோபர் 26 இற்கும் இடையில் பழைய நேரத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு மணித்தியாலம் கூட்டவேண்டும். கூட்டுவதற்கு முன்னர், குறிப்பில் இருப்பது பழைய நேரம்தானா என்பதை உறுதிசெய்யுங்கள். வவுனியா நகரில் பிறந்தவர்களுக்குக் கூட்டத் தேவையில்லை. கிளிநொச்சியை 1996 செப்டெம்பரில் இராணுவம் கைப்பற்றியது, 1998 செப்டெம்பரில் புலிகள் மீட்டார்கள் என்பதால், அந்த ஊர்க்காரருக்குத் திகதியையும் பார்க்கவேண்டும். அரசாங்கப் பதிவேட்டில் எழுதிய நேரமும் வீட்டு மணிக்கூட்டில் பார்த்த நேரமும் ஒன்றாகவே இருந்திருக்கும் என்று சொல்லவும் முடியாது. பிரசவத்தின்போது அருகில் இருந்தவர்களிடம் கேட்பதுதான் நம்பகமான வழி.

இதில் எனக்கொரு ஆதங்கம் உண்டு. 1970 இற்குப் பின்னர் ஒரு பகுதியின் மணிக்கூடு அயற்பகுதியினதிலிருந்து வேறுபட்டிருந்தால் அதற்குத் தனிப் பதிவு கொடுப்பது அந்தத் தரவுத்தளத்தைப் பேணுவோரின் பொது நெறி. அந்த நெறிப்படி பார்த்தால் வன்னிக்கும் தனிப் பதிவு கேட்க நியாயம் இருக்கிறது. பழைய பத்திரிகைகள், பாடசாலை நேரசூசிகள், நாட்குறிப்புகள் போன்றவற்றை ஆதாரமாகச் சேர்த்து அவர்களுக்கு எழுதக்கூடியவர்கள் நம் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். சாதகத்தை நம்பாதவர்கள்கூட, ஏறத்தாழப் பத்தாண்டுகளாக ஒரு சனத்தின் மணிக்கூடு காட்டிய நேரம் எந்தப் பதிவிலும் இல்லாமற் போவதை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை.

கேள்வி: எமது பாடசாலையில் மாணவர் விபரங்களைக் கணினியில் அட்டவணையாக வைத்திருக்கிறோம். ‘ஸ்ரீ’ என்று தொடங்கும் பெயர்களைத் தேடும்போது சில பெயர்கள் வருகின்றன, சில வருவதில்லை. கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒரே எழுத்தாகவே இருக்கிறது. இது அட்டவணை மென்பொருளின் வழுவா?
— பாடசாலை அலுவலகப் பணியாளர், கிளிநொச்சி

பதில்: மென்பொருளின் வழு அல்ல, எழுத்துக் குறியீட்டில் உள்ள சிக்கல். ஒருங்குறியில் (யூனிகோட்) ‘ஸ்ரீ’ என்ற வடிவத்தை இரண்டு விதமாக உள்ளிடலாம். ஒன்று, வழக்கமான ‘ஸ’ எழுத்துடன் மெய்ப்புள்ளி, ரகரம், ஈகாரக் குறி ஆகியவற்றைச் சேர்ப்பது. மற்றையது, 2005 ஆம் ஆண்டு ஒருங்குறியில் புதிதாகச் சேர்க்கப்பட்ட ‘ஶ’ எழுத்துடன் அதே மூன்றையும் சேர்ப்பது. திரையில் இரண்டும் ஒரே உருவத்தில் தோன்றும்; கணினிக்கோ அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். ஓர் ஆசிரியர் தமது கைத்தொலைபேசியிலும் இன்னொருவர் அலுவலகக் கணினியிலும் பெயர்களைத் தட்டச்சுச் செய்திருந்தால் இரண்டு விதமும் கலந்துவிடும்.

வராத பெயர் ஒன்றிலிருந்து ‘ஸ்ரீ’ யை மட்டும் பிரதிசெய்து, தேடி மாற்றும் வசதியில் ஒட்டி, வரும் பெயரிலுள்ள ‘ஸ்ரீ’ யால் முழு அட்டவணையிலும் மாற்றிவிடுங்கள். அதற்கு முன்னர் கோப்பின் பிரதியொன்றை வேறாக எடுத்து வையுங்கள். கொகரம், கோகாரம் போன்ற எழுத்துகளிலும் இதையொத்த சிக்கல் உண்டு: கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் இடலாம், தனித்தனியே இரண்டு குறிகளாகவும் இடலாம். இந்த எழுத்துகளின் இரு விதங்களையும் சமமாகக் கொள்ளும் விதி ஒருங்குறித் தரத்திலேயே இருப்பதால் நல்ல மென்பொருள்கள் அதைச் சரியாகக் கையாளும். ‘ஸ்ரீ’ க்கு அப்படியொரு விதி இல்லை. எதற்கும் பெயரை மட்டும் நம்பாமல், சேர்விலக்கத்தையும் பிறப்புப் பதிவு இலக்கத்தையும் வைத்துத் தேடும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். பரீட்சை விண்ணப்பத்தில் ஒரு பிள்ளையின் பெயர் விடுபட்ட பிறகு எழுத்துக் குறியீட்டை விளக்கிக்கொண்டிருக்க எவருக்கும் பொறுமை இராது.

கேள்வி: இருபது வருடமாகப் பாமினியில் தட்டச்சுச் செய்கிறேன். நான் அடித்துக் கொடுக்கும் கடிதங்களைக் கைத்தொலைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குழப்பமாகத் தெரிகிறது என்று வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். விண்டோஸ் 10 இற்கு ஆதரவு நின்றுவிட்டது, புதிய கணினி வாங்கவேண்டும் என்றும் சிலர் சொல்கிறார்கள். இரண்டுக்கும் சேர்த்து வழி சொல்லுங்கள்.
— கொமினிகேஷன் கடை உரிமையாளர், மாங்குளம்

பதில்: பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் வரைந்த எழுத்துரு. கோப்பினுள் பதிவாவது ஆங்கில எழுத்துதான். அந்த எழுத்துரு இல்லாத கருவியில் அது அப்படியே வெளிப்படுகிறது. கடதாசியில் அச்சடித்துக் கொடுத்த காலத்தில் இது எவருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை. இன்று கடிதங்கள் மின்னஞ்சலிலும் வட்ஸ்அப்பிலும் போகின்றன; இணைய விண்ணப்பங்கள் ஒருங்குறியையே எதிர்பார்க்கின்றன. உங்கள் விரல்களின் பழக்கத்தை விடவேண்டியதில்லை: எ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்களில் பாமினி விசையமைப்பிலேயே அடித்து ஒருங்குறியாகப் பெறும் வசதி இருக்கிறது. பழைய கோப்புகளை மாற்றித் தரும் இலவச மாற்றிகளும் இணையத்தில் உண்டு. மாற்றிய பின்னர் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இடையில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழ் எழுத்தாக மாறிச் சிதைந்திருக்கும்.

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிந்தது உண்மைதான். அதன் பொருள் கணினி நின்றுவிடும் என்பதல்ல, பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்பதே. வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீடிப்புப் பெறும் வழியை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அறிவித்திருந்தது. விண்டோஸ் 11 இற்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்ற நிபந்தனையால் நன்றாக ஓடும் கணினிகள் பல ஒதுக்கப்படுகின்றன. இதை நான் நியாயமென்று கருதவில்லை. தட்டச்சுக்கும் அச்சுக்கும் மட்டும் பயன்படும் கணினியை இணையத்திலிருந்து விலக்கிவைத்துத் தொடர்ந்து பாவிக்கலாம். வாடிக்கையாளரின் வங்கி, அடையாள அட்டை விபரங்களைக் கையாளும் கணினியை மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: இணைய வகுப்பு நடக்கும்போது அழைப்பு வந்தால் வகுப்பு அறுந்துபோகிறது. நான்கு கோடுகளும் நிறைந்திருந்தும் சில நேரம் படம் அசைவதில்லை. தொலைபேசி நிறுவனம் ஏமாற்றுகிறதா?
— உயர்தர மாணவன், நெடுங்கேணி

பதில்: தம்பி, இவை இரண்டு வேறு பிரச்சினைகள். உங்கள் கைத்தொலைபேசியில் 4ஜி வழியாகவே பேசும் வசதி இல்லாவிட்டாலோ நிறுத்தப்பட்டிருந்தாலோ, அழைப்பு வந்தவுடன் கருவி பழைய அலைவரிசைக்கு இறங்கிவிடும். அது 2ஜி ஆக இருந்தால் அழைப்பு முடியும் வரை இணையம் நின்றுவிடும். சிம் அட்டைக்கான அமைப்புகளில் வோ-எல்டிஈ என்ற தெரிவு இருக்கிறதா என்று பார்த்து அதை இயக்குங்கள். தெரிவே இல்லையென்றால் வகுப்பு நேரத்தில் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள்.

கோடுகள் காட்டுவது கோபுரத்தின் சமிக்ஞை எவ்வளவு வலுவாக வருகிறது என்பதை மாத்திரமே. அந்தக் கோபுரத்தை எத்தனை பேர் பங்கிடுகிறார்கள் என்பதை அவை காட்டா. கோபுரங்கள் தூரத்துக்கு ஒன்றாக இருக்கும் ஊர்களில் மாலையில் எல்லோரும் ஒன்றாக இணையும்போது வேகம் விழும். இதை ஏமாற்று என்று சொல்வதற்கு முன்னர், காலை, மாலை, இரவு என வெவ்வேறு நேரங்களில் வேகத்தை அளந்து, திரையில் தெரிவதைப் படமாக எடுத்து வையுங்கள். முதலில் நிறுவனத்துக்கு முறையிட்டு முறைப்பாட்டு இலக்கத்தைப் பெறுங்கள். பயனில்லையானால் அந்த இலக்கத்துடன் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். இலக்கமும் அளவீடும் இல்லாத முறைப்பாட்டை எவரும் இலகுவில் தட்டிக்கழித்துவிடுவார்கள்.

கேள்வி: விண்ணப்பம் நிரப்பக் கடைக்குப் போனால் அடையாள அட்டையைப் படம் எடுத்துத் தங்கள் வட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொல்கிறார்கள். இது சரியா?
— வாசகி ஒருவர், தருமபுரம்

பதில்: வீட்டில் அச்சுப்பொறியும் ஸ்கானரும் இல்லாத ஊரில் கடையைத் தவிர்க்க முடியாதுதான். ஆயினும் அந்தப் படம் கடைக்காரரின் கைத்தொலைபேசி, கணினி, தானியங்கிச் சேமிப்பு என்று பல இடங்களில் தங்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். அனுப்புவதற்குப் பதிலாக அட்டையைக் கையில் கொண்டுபோய் அங்கேயே ஸ்கான் செய்வியுங்கள். பிரதியின் குறுக்கே, விபரங்கள் மறையாதபடி, எந்தத் தேவைக்கு எந்தத் திகதியில் கொடுத்தது என்று எழுதுங்கள். வேலை முடிந்ததும் உங்கள் முன்னிலையில் கோப்பை அழிக்கச் சொல்லுங்கள். உங்கள் மின்னஞ்சலைக் கடைக் கணினியில் திறந்திருந்தால் வெளியேறிவிட்டே எழும்புங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. அதன் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வருவதோ தள்ளிப்போய்க்கொண்டே வந்தது. சட்டம் கடைவாசலுக்கு வந்துசேரும் வரை நீங்கள் கேட்டு வாங்குவதே உங்களுக்குள்ள பாதுகாப்பு.

கேள்வி: எமது கோயில் பரிபாலன சபையின் வட்ஸ்அப் குழுவுக்கு நான் நிருவாகி. யாரோ போடும் செய்திக்காக நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் கீழ் என்னைப் பிடிப்பார்களா?
— ஓய்வுபெற்ற அதிபர், முழங்காவில்

பதில்: ஐயா, உங்கள் குழுவில் வந்த குறிப்பிட்ட ஒரு செய்தியைப் பற்றியதாயின் சட்டத்தரணியிடம் கேளுங்கள், நான் பொதுவாக மட்டுமே சொல்லமுடியும். 2024 ஜனவரி 24 ஆம் திகதி 108 இற்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறி, பெப்ரவரி 1 ஆம் திகதி சபாநாயகரால் சான்றுரைப்படுத்தப்பட்ட 9 ஆம் இலக்கச் சட்டம் அது. பொய்யான கூற்றுகளைப் பற்றி முதலில் தீர்மானிக்கும் பொறுப்பை ஐந்து பேர் கொண்ட ஓர் ஆணைக்குழுவிடம் அது கொடுக்கிறது. எனது ஆட்சேபம் இங்கேதான். ஒரு சம்பவத்தைப் பற்றி அரசாங்கம் சொல்வதும் அதை அனுபவித்த சனம் சொல்வதும் வேறுபடும் ஒரு பிரதேசத்தில், எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அரசு நியமிக்கும் ஐவரிடம் விடுவது ஆபத்தானது. பிள்ளைகளின் படங்களை வைத்து மிரட்டுவோரையும் பண மோசடிக்காரரையும் பிடிக்கச் சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதற்கு இவ்வளவு அகலமான வலை தேவையில்லை.

நிருவாகி என்ற முறையில் நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான். குழுவில் எவர் போட்ட செய்தியையும் எல்லோருக்குமாக அழிக்கும் வசதி நிருவாகிக்கு உண்டு. இன்னொரு சமயத்தை இழிவுபடுத்தும் செய்தியோ உறுதிப்படாத கலவரச் செய்தியோ வந்தால் உடனே அழியுங்கள், ஆனால் அழிப்பதற்கு முன் ஒரு பிரதியை உங்களிடம் வையுங்கள். திருவிழாக் காலத்தில் நிருவாகிகள் மட்டும் எழுதும்படி மாற்றிவிடுங்கள். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியபோது, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுடன் வட்ஸ்அப்பில் மட்டுமே பேசிவந்த முதியவர்கள்தான் திகைத்துப்போனார்கள். கோயில் அறிவித்தல்களைக் குழுவில் மட்டும் போடாமல் அறிவித்தல் பலகையிலும் ஒட்டுங்கள்.

கேள்வி: மாமா கனடாவிலிருந்து கொண்டுவரும் கைத்தொலைபேசி இங்கே வேலை செய்யுமா?
— இளைஞர் ஒருவர், மல்லாவி

பதில்: அங்குள்ள நிறுவனத்துக்கு மட்டும் பூட்டப்பட்டதா என்று வாங்கும் முன் மாமாவைக் கேட்கச் சொல்லுங்கள். நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, சதுரக் குறி என்று அழுத்தினால் வரும் பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண்ணை, ஐஎம்இஐ என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின் இடைவெளி விட்டு எழுதி 1909 இற்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். இரண்டு சிம் உள்ள கருவிக்கு இரண்டு எண்கள் இருக்கும், இரண்டையும் பாருங்கள். உள்ளூர்க் கடையில் பழைய கருவி வாங்கும்போதும் இதையே செய்யுங்கள், பற்றுச்சீட்டில் அந்த எண்ணை எழுதுவியுங்கள். பழுதான பொருளுக்காக நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட மூன்று மாத அவகாசமே உண்டு. பற்றுச்சீட்டு இல்லாமல் அங்கே போய்ப் பயனில்லை.

கேள்வி: சுவிசிலுள்ள அக்காவின் எண்ணிலிருந்து, ‘உனக்கு வந்த ஆறு இலக்கத்தைத் தவறுதலாக அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்பு’ என்று செய்தி வந்தது. அனுப்பினேன். இப்போது எனது வட்ஸ்அப் திறக்கவில்லை. என் பெயரில் உறவினர்களிடம் காசு கேட்கிறார்களாம்.
— குடும்பத் தலைவி, முள்ளியவளை

பதில்: அக்காவின் கணக்கும் இதே முறையில் பறிபோயிருக்கிறது, அந்தச் செய்தியை அனுப்பியது அவரல்ல. உடனே உங்கள் எண்ணைக் கொடுத்து வட்ஸ்அப்பில் மீண்டும் பதிவுசெய்யுங்கள். சிம் அட்டை உங்களிடம் இருப்பதால் புதிய ஆறு இலக்கம் உங்களுக்கே வரும். அதை இட்டவுடன் திருடர் வெளியேற்றப்படுவார். அவர் இதற்குள் இரட்டைச் சரிபார்ப்பு இரகசிய எண்ணை வைத்துவிட்டிருந்தால் நீங்கள் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க நேரிடும். அந்த நாட்களில் அவராலும் உங்கள் கணக்கைப் பாவிக்க முடியாது. உள்ளே போனதும் அந்த இரகசிய எண்ணை நீங்களே புதிதாக வையுங்கள், இணைக்கப்பட்ட கருவிகள் என்ற பகுதியில் தெரியாதவை இருந்தால் நீக்குங்கள். யாராவது காசு அனுப்பியிருந்தால் அவர் தமது வங்கிக்கு இன்றே அறிவிக்கட்டும். பொலிஸ் முறைப்பாட்டுக்குப் பணம் போன கணக்கின் எண் தேவைப்படும், அந்தச் செய்திகளை அழிக்கவேண்டாம் என்று உறவினர்களிடம் சொல்லுங்கள். அக்காவுக்கு வட்ஸ்அப்பில் எழுதாமல் சாதாரண அழைப்பு எடுத்துச் சொல்லுங்கள். அவருடைய எண்ணிலிருந்து அடுத்து யாருக்குச் செய்தி போகிறது என்பது அவருக்கு இன்னும் தெரியாமல் இருக்கலாம்.